உப்புமாவுக்கு ஒரு வக்காலத்து

போன செமஸ்டரில் ப்ளேஸ்மென்ட் சீசன் உச்சத்தில் இருந்தப்போ நம்ம டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது வந்த வார்த்தை 'உப்புமா கம்பெனி'. ஆபீஸ் எங்கே என்று தெரியாது, ஆஃபர் லெட்டரில் சம்பளத்துக்குப் பதிலா 'ஸ்டைபண்ட்' என்று இருக்கும், இரண்டு வருஷம் பாண்ட் கேட்பார்கள். உடனே யாராவது, "விடு மச்சி, உப்புமா கம்பெனி." சினிமாக்காரர்களிடமிருந்து வந்த வார்த்தை. அவர்கள் எந்த அர்த்தத்தில் ஆரம்பித்தார்களோ, இப்போ தமிழில் எதையாவது மட்டமாகச் சொல்ல வேண்டுமென்றால் உப்புமாவை இழுத்தால் போதும் என்று ஆகிவிட்டது.

மெஸ்ஸில் வியாழக்கிழமை காலை என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். தட்டு மூடியைத் திறந்து பார்த்துவிட்டு பாதி கூட்டம் அப்படியே கேன்டீன் பக்கம் திரும்பும். நானும் திரும்பியிருக்கிறேன். அதனால இந்தக் கட்டுரையை ஒரு நல்லவளோட உபதேசமா எடுத்துக்காதீங்க. மூணு வருஷம் உப்புமாவைக் கிண்டல் பண்ணின ஒருத்தி, இப்போ அதுக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

என் வாதம் சின்னது. நாம் எல்லோரும் மே மாதம் இந்த கேட்டை விட்டு வெளியே போகப் போகிறோம். அதுக்குள்ள, ஆணோ பெண்ணோ, ஒரே ஒரு சூடான சாப்பாட்டையாவது தானே செய்யக் கற்றுக்கொண்டு போக வேண்டும். அது ரவை உப்புமாவாக இருந்தால் ரொம்ப நல்லது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். "எனக்கு சுடுதண்ணி கூட வைக்கத் தெரியாது" என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள். நம்ம பசங்க இதைச் சொல்லும்போது அது சோம்பேறித்தனம். நான் சொன்னபோது அது கொள்கை! அதாவது, பொண்ணுன்னா சமைக்கணுமா, அந்தக் காலமெல்லாம் போச்சு, அப்படி ஒரு கெத்து. அதுக்குக் காரணம் அம்மா. அம்மா பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் முடித்தபோது கல்யாணம். போன இடம் எட்டுப் பேர் இருந்த கூட்டுக்குடும்பம். மூணு வேளையும் அடுப்படி. அந்த மூணாவது வருஷத்தை அம்மா படிக்கவே இல்லை. அதனால எனக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார்: "நீ இந்தப் பக்கம் வராதே, போய்ப் படி." வெங்காயம் உரிக்கக்கூட விட்டதில்லை. ஊரில் அத்தைகள் "பொம்பளப் பிள்ளைக்கு ஒண்ணும் சொல்லித் தரலையா" என்று கேட்டால், "அவ இன்ஜினியர் ஆகப் போறா அண்ணி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அந்தப் பதிலைக் கேட்க எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கும் தெரியுமா.

போன கோடை விடுமுறையில் பெங்களூரில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப். ஒரு பிஜியில் தங்கியிருந்தேன். மூணாவது வாரம் காய்ச்சல். காலையில் பிஜியில் பூரி, மத்தியானம் சாப்பாடு இல்லை, ராத்திரி எண்ணெய் மிதக்கிற குருமா. வாயில் வைக்க முடியவில்லை. ஆப்பில் இட்லி ஆர்டர் பண்ணினேன். டெலிவரி, பேக்கிங், அது இது என்று நாலு இட்லிக்கு 180 ரூபாய், ஐம்பது நிமிஷம் கழித்து ஆறிப்போய் வந்தது. அப்போ எனக்கு வேண்டியிருந்தது ஒரு டம்ளர் சூடான கஞ்சி. ஆப்பில் பீட்சாவில் நாற்பது வகை இருந்தது. காய்ச்சல் கஞ்சி இல்லை.

அம்மாவுக்கு போன் பண்ணி, "கஞ்சி எப்படிம்மா வைக்கிறது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நீ ஏன்டி வைக்கணும்? அங்க வச்சுக் குடுக்க யாரும் இல்லையா?" என்றார். இல்லை. யாருமே இல்லை. அம்மா எனக்காகப் போட்ட சட்டத்தில் இந்த ஒரு நாள் மட்டும் விட்டுப்போயிருந்தது.

அந்த பிஜியில் சமைக்கிற அக்கா ஓசூர் பக்கம். ஒன்பது மணிக்கு மேல அடுப்பு சும்மாதான் இருக்கும், வந்து வச்சுக்கோ என்றார். சம்பா கோதுமை ரவை இரண்டு கைப்பிடி, அதைப் போல ஆறு மடங்கு தண்ணீர், குக்கரில் நாலு விசில். இறக்கி நன்றாக மசித்து, உப்பு போட்டு, அரை ஸ்பூன் நெய்யில் சீரகமும் தட்டின மிளகும் பொரித்துக் கொட்டினேன். அம்மா போனில் ஸ்பீக்கரில் இருந்தார். குடித்துவிட்டுத் தூங்கினேன். காய்ச்சல் கஞ்சியால் போச்சு என்று சொல்லமாட்டேன், பாராசிட்டமாலும் போட்டிருந்தேன். ஆனா அன்னைக்கு ராத்திரி நான் யாரையும் எதிர்பார்த்து உட்காரவில்லை. 21 வயசில் அந்த உணர்வு எனக்குப் புதுசு. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

காய்ச்சல் சரியானதும் அடுத்த பாடம் உப்புமா. இங்கேதான் எனக்கும் அம்மாவுக்கும் தகராறு. "ரவை எவ்வளவும்மா?" "வேணும்கிற அளவு." "தண்ணி?" "பார்த்து ஊத்து." "எவ்வளவு நேரம் வறுக்கணும்?" "வாசனை வர்ற வரைக்கும்." ஸ்பெசிஃபிகேஷனே இல்லாத புராஜெக்ட்! முதல் நாள் செய்தது கட்டி கட்டியாக வந்தது. இரண்டாவது நாள் சுவரில் பூசலாம் போல இருந்தது. மூணாவது நாள் லேப் ரெக்கார்ட் மாதிரி நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். எழுத எழுதத்தான், அம்மா சொன்ன ஒவ்வொரு 'பார்த்துக்கோ'வுக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருப்பது புரிந்தது.

ரவை என்பது உடைத்த கோதுமைதான். அதாவது மாவுச்சத்து உருண்டைகள். கோதுமை மாவுச்சத்து தண்ணீரோடு சேர்ந்து 60 டிகிரி சொச்சத்திலேயே ஊதிப் பசையாக ஆரம்பித்துவிடும். மொத்தமாக ரவையை வெந்நீரில் கொட்டினால் குவியலின் வெளிப்பக்கம் நொடியில் பசையாகிவிடும். அந்தப் பசை ஒரு சுவர் மாதிரி நின்று உள்ளே தண்ணீர் போகவிடாது. கட்டியைப் பிட்டுப் பார்த்தால் நடுவில் காய்ந்த ரவை அப்படியே இருக்கும். அதனால்தான் ஒரு கை தூவ, ஒரு கை கிளறணும். வறுப்பதும் அதுக்குத்தான். நெய் விட்டு வறுத்தால் ஒவ்வொரு துகள் மேலயும் லேசா ஒரு கொழுப்புப் படலம், ஒன்றோடொன்று ஒட்டாது. நிறம் மாறக்கூடாது, மணம் மட்டும் வரணும். ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர் என்பது நான் எட்டுத் தடவை செய்து கண்டுபிடித்த அளவு. ஒன்றுக்கு இரண்டு என்றால் உதிரியாக வரும், மூன்று என்றால் குழைவாக வரும், இரண்டும் தப்பில்லை, உங்க இஷ்டம். சம்பா ரவைக்கு வாணலியில் ஒன்றுக்கு மூன்று, குக்கரில் ஒன்றுக்கு இரண்டு, இரண்டு விசில். உப்பைத் தண்ணீரிலேயே போட்டு ருசி பார்க்கணும், கொஞ்சம் தூக்கலாக இருந்தால் ரவை சேர்ந்ததும் சரியாகிவிடும். "தண்ணி கொதிக்கிறப்போ சத்தம் மாறும், அப்போ போடு" என்று அம்மா சொன்னதற்கு மட்டும் நோட்டில் எழுத ஒரு எண் கிடைக்கவில்லை. ஆனா மாறுது, கேட்டுப் பாருங்க. முதலில் கிசுகிசுவென்று சின்னச் சத்தமா ஆரம்பிச்சு, அப்புறம் இரைச்சலாகி, முழுசா கொதிக்கும்போது திடீரென்று அடங்கித் தளதளவென்று ஆகும்.

தாளிப்பு தனிக் கதை. எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் முதலில் கடுகு. கடுகுக்குள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி, தோலை உடைத்துக்கொண்டு வெளியே வருவதுதான் அந்தப் படபட. வெடிக்காத கடுகு வாயில் கசக்கும். அடுத்து உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, பொன்னிறம். அப்புறம் மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம், வெங்காயம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் என்ன ஆகும் என்று நான் பரிசோதித்துவிட்டேன். காய்ந்த எண்ணெயில் முதலில் வரமிளகாயைப் போட்டு, கடுகு டப்பாவைத் தேடப் போய்விட்டேன். கருகின மிளகாய்ப் புகையில் அந்த பிஜியின் இரண்டாவது மாடியே இருமியது. மசாலாப் பொருள்களின் மணம் பெரும்பாலும் எண்ணெயில்தான் கரையும். தண்ணீரில் கொதிக்க வைத்தால் பாதிகூட வராது. நம்ம பாட்டிகள் யாரும் கெமிஸ்ட்ரி படிக்கவில்லை. ஆனா ரசத்தைக் கடைசியில் நெய்யில் தாளித்துக் கொட்டினார்கள்.

இந்த ஒரு தாளிப்பு கைக்கு வந்துவிட்டால், நீங்கள் கற்றுக்கொண்டது உப்புமா மட்டும் இல்லை. ரவைக்குப் பதில் சேமியா, அவல், வடித்த சாதத்தோடு எலுமிச்சை, தயிர் சாதம், பீன்ஸ் பொரியல், எல்லாத்துக்கும் தலைவாசல் அதுதான். ஒரு ஃபங்ஷன் எழுதிவிட்டு ஆர்குமென்ட்டை மட்டும் மாற்றுகிற மாதிரி. (மன்னிச்சுக்கோங்க, நாலு வருஷப் பழக்கம்.)

சரி, ஏன் உப்புமா மேல இவ்வளவு இளக்காரம்? நம்ம மெஸ்ஸில் வருவது உப்புமா இல்லை என்பது ஒரு காரணம். காலை ஐந்தரைக்குக் கிளறினதை எட்டரைக்குச் சாப்பிட்டால் எது நல்லா இருக்கும்? ஆற ஆற மாவுச்சத்து இறுகிவிடும். அது உப்புமாவோட குற்றம் இல்லை, கடிகாரத்தோட குற்றம். இதே ரவையை பெங்களூரில் 'காரா பாத்' என்று பெயர் வைத்து, பக்கத்தில் ஒரு கரண்டி கேசரி வைத்தால் அதுக்குப் பெயர் 'சௌ சௌ பாத்'. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதுக்குத் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். நானும் நின்றேன், மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டே. 2011இல் அமெரிக்காவில் 'டாப் செஃப் மாஸ்டர்ஸ்' என்ற சமையல் போட்டியின் இறுதிச் சுற்றில் மும்பையில் பிறந்த ஃபிளாய்ட் கார்டோஸ் காளான் போட்டு ஒரு உப்புமா செய்து வைத்தார், ஜெயித்தார், ஒரு லட்சம் டாலர் பரிசு. அந்தப் பணத்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். 'உப்புமா கம்பெனி' என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

அமெரிக்கா என்றதும் ஞாபகம் வருது. எம்.எஸ். பண்ணப் போகிற கூட்டம் நம்ம பேட்சில் நிறைய இருக்கிறது. அங்கே போன நம்ம சீனியர் அக்கா ஒருத்தர் சொன்னது: பக்கத்தில் இந்தியன் ஸ்டோர் இல்லாத ஊராக இருந்தால் கவலைப்படாதே, சாதாரண சூப்பர் மார்க்கெட்டில் 'கிரீம் ஆஃப் வீட்' என்று ஒரு டப்பா இருக்கும், வாங்கி வறுத்து உப்புமா கிண்டு. அது 1893இல் வடக்கு டகோட்டாவில் ஒரு கோதுமை ஆலையில் பிறந்த சரக்கு. மாவு அரைக்கும்போது கிடைக்கிற நயமான கோதுமைக் குருணை. அவர்கள் அதைப் பாலிலோ தண்ணீரிலோ காய்ச்சி, சர்க்கரை போட்டு, குளிர்காலக் காலையில் கஞ்சி மாதிரி குடிக்கிறார்கள். நம்ம ஊரில் கைக்குழந்தைக்கு ரவைக் கஞ்சி காய்ச்சுவோமே, கிட்டத்தட்ட அதே. அக்கா அதில் கடுகு தாளித்தபோது அவரோட அமெரிக்க ரூம்மேட் ஓடி வந்து, ஏதோ வெடிக்குது என்று பயந்தாராம். இப்போ சனிக்கிழமைதோறும் அவரே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாராம். ஒரு எச்சரிக்கை: டப்பாவில் 'இன்ஸ்டன்ட்' என்று போட்டிருந்தால் வாங்காதீங்க, கூழாகிவிடும்.

இதைத் தாத்தாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அமெரிக்காக்காரன் கோதுமையில உப்புமா தின்னது நாங்கதான்" என்றார். நம் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு இருந்த 1960களில் அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் கோதுமை வந்தது. 'கேர்' நிறுவனம் மூலம் வந்த கோதுமை ரவை பள்ளிக்கூட மதிய உணவில் உப்புமாவாகக் கிண்டப்பட்டது. தாத்தா அதைத் தின்றுதான் மூணு வருஷம் படித்தார். அதனோட வாசனை இப்பவும் மூக்கில் இருக்கிறது என்கிறார். நல்ல வாசனையா என்று கேட்டேன். "பசி நேரத்துல எது கெட்ட வாசனை?" என்றார்.

இன்றைக்கும் அதுதான் நிலைமை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் மெனுவை எடுத்துப் பாருங்கள். ரவை உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவை உப்புமா, கிச்சடி எல்லாம் அதில் இருக்கிறது. அடுத்த வருஷம் ஆகஸ்ட்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தினார்கள். நாம் மூடியைத் திறந்து மூக்கைச் சுளிக்கிற அதே பொருள் எங்கேயோ ஒரு மூணாம் வகுப்புப் பிள்ளைக்கு அன்றைய முதல் சூடான சாப்பாடு. நானும் இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலில் டப்பாவில் நூடுல்ஸ் கட்டிக்கொண்டு போனவள்தான். எனக்கு அது அப்போ தெரியாது.

இப்போ நீங்கள் கேட்கப் போகிற கேள்விக்கு வருகிறேன், ஏன்னா என் ரூம்மேட் ஏற்கனவே கேட்டுவிட்டாள். "பொண்ணுங்களை அடுப்படியிலிருந்து வெளிய கொண்டு வரவே நூறு வருஷம் ஆச்சு, நீ ஏன்டி திரும்ப உள்ள கூப்பிடுற?" நியாயமான கேள்வி. அம்மாவும் வேற வார்த்தைகளில் இதைத்தான் கேட்டார். இதுக்கு என்னிடம் இருக்கிற பதில்: அம்மாவைக் கட்டிப்போட்டது சமையல் இல்லை. எட்டுப் பேருக்கு மூணு வேளை, வேறு யாரும் கை வைக்காமல், ஒருத்தர் மட்டும் சமைக்கணும் என்ற ஏற்பாடு. அந்த எட்டுப் பேரில் இரண்டு பேருக்காவது உப்புமா கிண்டத் தெரிந்திருந்தால் அம்மா பரீட்சை எழுதியிருப்பார். அதனால என் வேண்டுகோள் முதலில் பசங்களுக்குத்தான். "எனக்கு சுடுதண்ணி வைக்கத் தெரியாது" என்று நீ சொல்லும்போது, உனக்காக இன்னொருத்தி வைக்கிறாள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறாய். பொண்ணுங்களுக்கும் ஒன்று. சமைக்கத் தெரியாமல் இருப்பது சுதந்திரம் என்று நானும் நினைத்தேன். பெங்களூரில் 102 டிகிரி காய்ச்சலில் அது அப்படித் தெரியவில்லை.

தீபாவளி லீவில் வீட்டுக்குப் போனபோது ப்ளஸ் ஒன் படிக்கிற தம்பியை அடுப்படிக்கு இழுத்தேன். அம்மாவுக்குக் கோபம், "அவனுக்கு எக்ஸாம் இருக்குடி." எனக்குச் சொன்ன அதே வசனம்தான். விடவில்லை. கடுகு தெறித்துக் கையைச் சுட்டுக்கொண்டான், தண்ணீர் அதிகமாகி உப்புமா பொங்கல் மாதிரி ஆனது. அம்மாவை உட்காரவைத்துத் தட்டில் போட்டுக் கொடுத்தோம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்றார். அப்புறம் இன்னொரு கரண்டி கேட்டார். தனக்கு ஒருத்தர் பரிமாறினால் எப்படி உட்காரணும் என்றே அவருக்குத் தெரியவில்லை. பாதியில் இரண்டு தடவை எழுந்து அடுப்பைத் துடைக்கப் போனார்.

கடைசியாக ஹாஸ்டல் விஷயம். ரூமில் இன்டக்‌ஷன் அடுப்பு வைக்கக் கூடாது என்பது விதி. அதைத் திட்டாதவர்கள் இங்கே இல்லை. ஆனா கணக்குப் போட்டுப் பார்த்தால் வார்டன் சொல்வது சரி. 2000 வாட் அடுப்பு, 230 வோல்ட், கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். நம்ம ரூம் பிளக் 6 ஆம்பியர். 1500 வாட் கெட்டில்கூட 6.5 தாண்டுது. ஒரு ஃப்ளோரில் பத்து ரூமில் ஒரே நேரத்தில் ஒளித்து வைத்துப் போட்டால் வயர் சூடாகும், இன்சுலேஷன் உருகும். இதை ட்ரிபிள் ஈ படிக்கிறவங்களே செய்கிறார்கள், யார் என்று கேட்காதீங்க. ஆக, தடை வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு ஃப்ளோரிலும் அயர்ன் பண்ணுகிற மூலை ஒன்று சும்மா கிடக்கிறதே, அதில் தனி வயரிங் இழுத்து 16 ஆம்பியர் பிளக் இரண்டு, அதுக்கேற்ற எம்.சி.பி., இரண்டு இன்டக்‌ஷன், ஒரு சிங்க், ஒரு தீயணைப்பான். ராத்திரி பத்து மணிக்குப் பூட்டிவிடலாம். பாய்ஸ் ஹாஸ்டலுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். அங்கேதான் முதலில் வரணும் என்பது என் கருத்து.

லோடு கணக்கு, செலவு மதிப்பீடு எல்லாம் போட்டு ஒரு கடிதம் தயாராக இருக்கிறது. இந்த வாரம் முழுக்க லேடீஸ் ஹாஸ்டல் மெஸ் வாசலில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வைத்திருப்பேன். பாய்ஸ் ஹாஸ்டல் பிரதி நம்ம இதழ் ஆசிரியர் குழுவிடம் இருக்கும். ஃபைனல் இயர் என்பதால் இது வந்தாலும் எனக்குக் கிடைக்காது, ஜூனியர்ஸ் கையெழுத்துதான் முக்கியம். பேனா எடுத்துட்டு வாங்க, போன தடவை வைத்த மூணு பேனாவும் காணோம்.